பச்சை பூசிய ஒன்றரை ஏக்கர்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது. கோயம்புத்தூரில் அறை கிடைத்துவிட்டது, மெஸ்ஸில் குழம்புக்குத் தேங்காய் அதிகம், தண்ணீர் மட்டும் தேன் மாதிரி இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். வேலையைப் பற்றிக் கடைசியில் மூன்று வரிதான். அடுத்த இருபது வருஷத்துக்கான நகரத் திட்டம் ஒப்புதலாகி வந்துவிட்டது, அதை நிறைவேற்றுகிற பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள், வரைகிற வேலையெல்லாம் முடிந்துபோனதால் இனிப் பெரிதாகச் செய்ய ஒன்றும் இல்லை. அந்த மூன்று வரியை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதுக்கு நான் பதில் எழுத முடியாது. நீயே எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு உட்கார்ந்து படி.

நான் நகராட்சியில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ட்ரேசர் என்று பெயர். அதிகாரிகள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியை விரித்து, கறுப்பு மையில் கோடு மாறாமல் நகல் எடுக்க வேண்டும். அந்த நகலை வெயிலில் வைத்து நீலப்படம் போடுவார்கள். ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் துணி சுருங்கிவிடும். சித்திரை வெயிலிலும் மணிக்கட்டில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, விசிறியைப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். ரத்தான படங்களை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசினால் நல்ல மல் துணி கிடைக்கும். மை மட்டும் லேசாக நிழல் மாதிரி தங்கும். உன் மூன்று வயது வரை நீ போட்ட சட்டைகள் பலவும் அப்படி ரத்தான தெருக்களும் சாக்கடைகளும்தான். அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். என்னிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். கோடு போடுகிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது நம் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த உன் இடது கால் சுண்டுவிரலில் மாட்டுவண்டிச் சக்கரம் ஏறியது. விரல் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. வண்டிக்காரர் மேல் தப்பில்லை. பிள்ளைகளுக்கு விளையாடத் தெருவை விட்டால் வேறு இடம் இல்லை. ஊரின் வடக்குப் பக்கம் முழுக்கவே அப்படித்தான்; வீடுகள் பெருகிக்கொண்டே போயின, நின்று மூச்சுவிட ஒரு திடல் கிடையாது. அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். இருபது வருஷத்துக்கு ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும், எந்தத் தெரு எத்தனை அடி அகலம், எங்கே பள்ளிக்கூடம், எங்கே சந்தை என்று எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் கொண்டுவரப் போகிறார்கள் என்றார்கள். மேசை மேல் ஊர் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நின்றவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீங்க உள்ளூர்தானே? வடக்குப் பக்கம் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா வைக்கணும். நிழலும் தண்ணியும் இருக்கிற இடமா ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

எட்டு வருஷ வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. நான் யோசிக்கவே இல்லை. எரியோட்டு ரோட்டுக்கு மேற்கே, கிணற்றுக் குறி போட்ட ஒரு சர்வே எண் மேல் விரலை வைத்தேன். "இந்தா சார், இந்த எடம். நாலு வேம்பு நிக்குது. கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்காது" என்றேன். தண்ணீருக்கு அலைகிற ஊரில் அந்த வார்த்தை போதும். அவர் பச்சைப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார். படத்தில் அது ஒரு தபால்தலை அளவு. நிலத்தில் ஒன்றரை ஏக்கர். அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அது பேச்சியம்மாளின் தோட்டம். சனிக்கிழமைதோறும் மார்க்கெட்டில் நான் காய் வாங்குகிற அதே பேச்சியம்மாள்தான். உன் அப்பா சித்தையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வாரம் முழுக்கத் தங்கி, சனிக்கிழமை மதியம் வருவார். அன்றைக்குத்தான் வீட்டில் கூட்டு, பொரியல் என்று இரண்டு வெஞ்சனம் வைப்பேன். கத்தரிக்காயும் அவரையும் அவளிடம்தான். புருஷன் இல்லை. இரண்டு மகன்கள். அவளுக்கு நான் வாத்தியாரம்மா, அதாவது வாத்தியார் சம்சாரம். நான் நகராட்சியில் வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அவளுடைய தோட்டத்துக்கு ஒரு முறை போயிருக்கிறேன். கிணற்றிலிருந்து இறைத்து என் கையில் ஊற்றினாள். தண்ணீரின் ருசி எனக்கு அப்படித்தான் தெரியும்.

ஒரு வருஷம் கழித்து வரைவுத் திட்டம் வெளியானது. அரசிதழில் வந்தது, அலுவலகப் பலகையிலும் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவிப்பில் பெயர்கள் இல்லை, வெறும் சர்வே எண்கள். உன் அப்பாவிடம் சொன்னேன். "அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே. பலகையில ஒட்டிட்டா சொன்னதா ஆயிருமா? நாளைக்கே போய்ச் சொல்லிரு" என்றார். அந்தச் சனிக்கிழமை சொல்வதாகத்தான் போனேன். பேச்சியம்மாள் அன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தாள்.

"மூத்தவனுக்குப் பொண்ணு பாத்தாச்சு வாத்தியாரம்மா. தை பொறந்தா தோட்டத்துக்குள்ளயே ரெண்டு பத்தி வீடு ஒண்ணு எடுத்துப்புடணும். செவுத்துக்குக் கல்லுக்கூடச் சொல்லியாச்சு."

"நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டுக் காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். அலுவலக விஷயத்தை வெளியில் பேசினால் வேலை போகும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். பூங்கா நல்ல காரியம்தானே என்று இன்னொரு காரணம். உள்ளே கிடந்த காரணம் வேறு. சொன்னால், "ஏன் எந் தோட்டம்?" என்று கேட்பாள். அதற்குப் பதில் நான்தான். இரண்டு மாதம் என்பது ஒன்பது சனிக்கிழமை. ஒன்பதும் போயின. அந்தத் தோட்டத்துக்கு ஒரு ஆட்சேபமும் வரவில்லை. திட்டம் ஒப்புதலாகி வந்த அன்று அலுவலகத்தில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். ஒப்புதல் படத்தில் அந்த ஒன்றரை ஏக்கருக்குப் பச்சை பூசியது என் கைதான்.

நீ இப்போது நிற்கிற இடத்துக்கு வருகிறேன். திட்டம் ஒப்புதலானதும் வேலை முடிந்தது என்று எங்கள் அலுவலகத்திலும் நினைத்தோம். ஸ்டேஷன் பக்கத்து ரோட்டை அகலப்படுத்தினார்கள். ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். மற்றதெல்லாம் நிதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று படத்தைச் சுருட்டித் தகரக் குழாயில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்தார்கள். படம் தூங்கினாலும் பச்சை தூங்கவில்லை. பேச்சியம்மாளின் மகன் வீடு கட்ட அனுமதி கேட்டான்; பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்று மனு திரும்பியது. கிணற்றை ஆழப்படுத்தச் சர்க்கார் கடன் கேட்டார்கள், அதே பதில். பாதியை விற்றுவிடலாம் என்று ஆள் பார்த்தார்கள். வாங்க வந்தவர் விசாரிக்கப் போனார், திரும்பி வரவே இல்லை. நகராட்சி அந்த இடத்தை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. இதெல்லாம் காய் வாங்கும்போது துண்டு துண்டாக எனக்குத் தெரியவந்தது. மூத்தவனுக்குக் கல்யாணம் நடந்தது. வந்த பெண் கிணற்றடி மோட்டார் ரூமில் குடித்தனம் செய்தாள். அங்கேயே ஒரு பிள்ளையும் பிறந்தது. பேச்சியம்மாள் இதையெல்லாம் மழை பொய்த்தது மாதிரிச் சொல்வாள். நான் முற்றின கத்தரிக்காயைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருப்பேன்.

இப்படி ஐந்து வருஷம். ஒரு நாள் முற்பகலில், திரும்பி வந்த மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். யாரோ உள்ளே கைகாட்டிவிட்டிருக்கிறார்கள். என் மேசைக்கு எதிரே வந்து நின்று, முதலில் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள்.

"வாத்தியாரம்மா... நீங்க இங்கனயா இருக்கீக?"

"ஆமாக்கா. இங்கதான் வேல."

"எந் தோட்டத்துக்குப் பச்ச மை பூசி வச்சிருக்காகளாம்ல. அது எங்கன இருக்கு, செத்தக் காட்டுங்க."

படத்தை இறக்கி விரித்தேன். அவளுடைய ரோடு, ஓடை, வேம்பு எல்லாவற்றையும் விரலால் காட்டிக்கொண்டே வந்து பச்சையில் நிறுத்தினேன். அவள் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலை அதன் மேல் வைத்தாள். விரல் நுனியிலேயே பாதி மறைந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு, "அஞ்சு வருசத்துக்கு முந்தி இத வெளிய ஒட்டியிருந்தாகளாம்ல. அப்ப நீங்க இங்கனதான் இருந்தீகளா?"

"இருந்தேன்."

"பாத்தீகளா?"

"பாத்தேன்க்கா."

அவள் மனுவை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். படத்தைச் சுருட்டித் தகரக் குழாயில் போட்டு மறுபடி அலமாரிக்கு மேல் வைத்தேன்.  

அந்த வாரம் நான் அவளுக்காக ஒரு மனு எழுதினேன். அவள் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் தோட்டத்துக்குப் போய், படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். நகராட்சி ஊழியர் நகராட்சிக்கு எதிராக மனு எழுதக் கூடாது. தெரிந்தேதான் எழுதினேன். பதினைந்து நாள் கழித்து எங்கள் பிரிவு ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த மனிதர், குரலை உயர்த்தியே பேசமாட்டார். மனுவோடு நான் வரைந்து இணைத்திருந்த சின்னப் படத்தை என் முன்னால் வைத்தார்.

"காய்கறி விக்கிற அம்மா குடுத்த மனுவுல அளவுகோல் போட்டிருக்கு. சரி, போகட்டும். வடக்கு எதுன்னு காட்டுற அம்புக்குறி எப்படிம்மா வந்துச்சு?"

பழக்கத்தில் போட்டிருக்கிறேன். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், மீசை அசைந்தது. "எங் கடமைய நான் செஞ்சாகணும்" என்றார். மெமோ கொடுத்தார். என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள். நான் வீட்டில் யாருடனும் பேசாமல் இருந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கலாம். நீ அப்போது எட்டாம் வகுப்பு. உன் கணக்குப் பரீட்சை மார்க்குக்காகத்தான் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து, இரண்டு வாரம் சொல்லாமலேயே விளக்கைத் துடைத்து வைத்தாய். அப்படி இல்லை என்று அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் நான் சொல்லாமல் விட்டவற்றில் ஒன்று.

ஆனால் மனுவைத் தூக்கிப் போட்டுவிடாமல் விசாரணைக்கு அனுப்பியதும் அதே ஓவர்சியர்தான். விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். கூட்ட அறைக்கு வெளியே சன்னலோரம் நின்று கேட்டேன். தோட்டத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். மனுவில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். பேச்சியம்மாள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அய்யா, பிள்ளைக வெளையாட எடம் வேணும்னா எடுத்துக்கங்க. நான் தடுக்கல. என் பேரனுக்குந்தான் எடமில்ல. எடுக்குறதுன்னா இந்த வருசம் எடுங்க. விடுறதுன்னா இன்னைக்கே விடுங்க. எதுவும் சொல்லாம நடுவுல நிறுத்தி வச்சிருக்கீகளே, அதுக்குத்தான் நான் வந்தேன். நட்ட செடியில காயும் பறிக்க விடாம, செடியப் புடுங்கவும் விடாம ஒருத்தன் நின்னா, அவன என்னன்னு சொல்லுவீக?"

வந்தவர் மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். காரியம் நடந்தது. ஆறு மாதத்தில் தீர்மானம் போட்டுத் திட்டத்தைத் திருத்தினார்கள். கிணறும் வேம்பும் இருந்த தெற்குப் பாதியை இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். வடக்குப் பாதியை விடுவித்தார்கள். வடக்குப் பாதியில் மகன்கள் இரண்டு பேரும் வீடு கட்டினார்கள். அங்கே தோண்டிய புதுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கரிக்கிறது. கத்தரிக்குப் பரவாயில்லை, அவரைக்கு ஆகவில்லை. இதில் என் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பூங்காவும் வந்தது. கம்பி வேலி, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு. சாயங்காலம் போனால் ஐம்பது அறுபது பிள்ளைகள் இருக்கும். தெருவில் வண்டிச் சக்கரத்துக்கு நடுவே இப்போது யாரும் ஓடுவதில்லை. திட்டம் நல்ல திட்டம்தான், அதை மறுக்கமாட்டேன். பூங்கா திறந்தபோது உனக்கு மீசை அரும்பியிருந்தது. நீ ஒரு நாளும் அங்கே போய் விளையாடவில்லை.

தெற்குப் பாதியை அளந்து கல் நட்ட அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சர்வேயர் ஆட்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, பேச்சியம்மாள் வேலிக்கல்லைச் சுற்றி மண்ணைக் காலால் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது சொன்னேன். பட்டணத்து அதிகாரி கேட்டார், நான்தான் விரலை வைத்தேன், தண்ணீர் நன்றாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன், ஒட்டியதைப் பார்த்தும் ஒன்பது வாரம் சொல்லாமல் இருந்தேன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் காலால் தட்டுவதை நிறுத்தினாள். கிணற்றுப் பக்கம் திரும்பினாள்.

"மனு எழுதிக் குடுத்தப்ப, நம்ம மேல இம்புட்டுப் பிரியமான்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம், "எம் மகங்ககிட்டச் சொல்லிராதீக. எனக்கே இப்பத்தான் கோவம் வருது. அவனுகளுக்கும் வந்தா நல்லாருக்காது. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான் நடந்தது. உன் மேசையிலும் ஒரு படம் இருக்கும், அதில் பச்சையும் சிவப்புமாக நிறைய இருக்கும். வரைந்தவர்கள் லட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதை ஊரில் இறக்கிவைக்கப் போகிறவன் நீ. இந்த மாதமே ஒவ்வொரு வண்ணத்துக்குள்ளும் கால் நடையாகப் போ. யார் இருக்கிறார்கள் என்று பார். அவர்கள் இடம் படத்தில் இருப்பதை அவர்கள் பேசுகிற பேச்சில், உன் வாயாலேயே சொல். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏனுங்க, வாங்க என்று மரியாதையாகப் பேசுவார்கள். அதைக் கேட்டு அவர்களுக்கு வருத்தமில்லை என்று நினைத்துவிடாதே. எடுப்பதென்றால் எப்போது என்று சொல், முடியாதென்றால் விடுவிக்கக் குறிப்பு எழுது. அதற்காக மெமோ வந்தால் வாங்கிக்கொள். பிறப்பு இறப்புப் பதிவும் ஒரு வேலைதான். மூன்று வருஷம் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார்கள் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதே.

பேச்சியம்மாள் இப்போதும் மார்க்கெட்டில் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமை நான் போய் நின்றால் நிமிர்ந்து பார்ப்பாள். கூடை நிறையக் கத்தரிக்காய் இருக்கும். "தீந்து போச்சு வாத்தியாரம்மா" என்பாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு வருகிறேன். எட்டு வருஷமாக இப்படித்தான். போன சனிக்கிழமையும் போனேன். வருகிற சனிக்கிழமையும் போவேன்.

உன் அம்மா